ஊடுருவல் ஊக்கிகளும் செல் சவ்வும்

தோற்றுவாய்

முதுகலை வகுப்பில் அறிவியல் தமிழ் பயிற்றுங்கால், மாணவர்க்குச் சிறு சிறு பகுதிகளைக் கொடுத்துத் தமிழாக்கம் செய்வித்தல் எமது வழக்கம். ஒருமுறை, தோலின் வழியாக மருந்து உடலினுள் செல்லும் முறையைப் பற்றிய பகுதியொன்றைக் கொடுத்தோம். மாணவர் ஒருவர் அதன் கருத்தை ஒரே தொடரில் தொகுத்து, "ஊடுருவல் ஊக்கிகள் தோலிலுள்ள உயிரணுக்களின் சவ்வைத் தளர்த்தி மருந்தை உள்ளே செலுத்துகின்றன" என எழுதியிருந்தார். தொடர் தெளிவானது, சந்தி செவ்விது, சொற்களும் நூல்களில் வழங்குவனவே. யாம் அதனைச் சரியெனக் குறித்து முழு மதிப்பெண் வழங்கினோம்.

பின்னொரு நாள், மருந்தியல் பயிற்றும் நண்பர் ஒருவர் அத்தொடரைக் காண நேர்ந்தது. அவர் அதனை இருமுறை படித்துவிட்டு, "எந்த உயிரணு? எந்தச் சவ்வு? செலுத்துவது யார்?" என்று மூன்று வினாக்களை எழுப்பினார். அன்று எம்மால் ஒன்றிற்கும் விடையிறுக்க இயலவில்லை. அது குறித்து நூல்களைப் பயின்ற பின்னரே, அத்தொடரில் மூன்று பிழைகள் உள்ளன என்பதும், அவை மாணவர் செய்தன அல்ல, நாம் பயிற்றிய கலைச்சொற்கள் செய்தன என்பதும் புலனாயின. அம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடைகள் அறிவியல் சார்ந்தவை. அவற்றால் விளையும் பயன் சொல்லாராய்ச்சியைச் சார்ந்தது.

கொம்புப் படலம்

தோல் இரு பெரும் பகுதிகளை உடையது. மேலே இருப்பது மேல்தோல். அதன்கீழ் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த அடித்தோல் உள்ளது. பூசிய மருந்து இரத்தத்தை அடைய வேண்டுமாயின் மேல்தோலைக் கடந்தாதல் வேண்டும். மேல்தோலின் உச்சியிலே, உடலின் பெரும்பகுதியில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் வரை பருமனுள்ள மெல்லிய படலம் ஒன்று அமைந்திருக்கின்றது. எழுதும் தாளின் பருமனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாத இப்படலத்தைக் கொம்புப் படலம் என்று வழங்கலாம். விலங்குகளின் கொம்பு எப்பொருளால் ஆயதோ, அக்கெராட்டின் என்னும் புரதமே இதிலும் நிறைந்துள்ளது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இது மிகத் தடித்திருக்கும்.

உடலின் நீர் வெளியேறாமற் காப்பதும், புறப்பொருள்கள் உட்புகாமல் தடுப்பதும் பெரும்பாலும் இப்படலத்தின் தொழிலாகும். ஒட்டுத்தாளைக் கொண்டு இதனை அடுக்கடுக்காக உரித்தெடுத்தால் தோலின் வழியே நீர் வெளியேறும் அளவு பன்மடங்கு உயர்கின்றது. இதிலுள்ள கொழுப்பை மட்டும் கரைப்பான்களால் நீக்கினாலும் அவ்வாறே நிகழ்கின்றது. ஆகவே தடையாக நிற்பது இப்படலம் என்பதும், அதனுள்ளும் கொழுப்பே தலைமையான தடை என்பதும் பெறப்படும்.

இத்தடையைத் தாமே கடக்கவல்ல மருந்துகள் சில. அவை சிறிய மூலக்கூறுகளாகவும், கொழுப்பிலும் நீரிலும் ஓரளவு கரைவனவாகவும், மிகச் சிறிய அளவிலேயே பயன் தருவனவாகவும் இருத்தல் வேண்டும். பயணக் குமட்டலைத் தடுக்கக் காதின் பின்புறம் ஒட்டும் ஸ்கோப்பலமின் பட்டை 1979இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தோல்வழி மருந்துப் பட்டைகளுள் அங்கு முதலில் ஒப்புதல் பெற்றது அதுவே. ஸ்கோப்பலமினின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 303 டால்ட்டன். 500 டால்ட்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் நலமான தோலைக் கடத்தல் அரிது என்பதை, பாஸ், மைனார்டி என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் ஒரு விதியாகத் தொகுத்துரைத்தனர். இன்சுலினின் எடையோ ஏறத்தாழ 5,800. இவ்வாறு தாமே புக இயலாத மருந்துகளுக்கு வழி செய்யும் பொருள்களைத் தேடியதன் விளைவாகவே நாம் ஆராயும் ஊடுருவல் ஊக்கிகள் தோன்றின.

முதல் வினா: எந்த உயிரணு?

கொம்புப் படலத்திலுள்ள செல்கள் யாவும் இறந்தவை. மேல்தோலின் அடியிலே பிறக்கும் செல்கள் பையப்பைய மேலேறி வருங்கால், தம் உட்கருவை இழந்து, உட்பொருளெல்லாம் மறைந்து, கெராட்டின் நிறைந்த தட்டையான சில்லுகளாக மாறுகின்றன. ஒவ்வொரு சில்லும் ஏறத்தாழ 40 மைக்ரோமீட்டர் அகலமும் 1 மைக்ரோமீட்டர் பருமனும் உடையது. இத்தகைய சில்லுகள் பதினைந்து இருபது அடுக்குகளாகப் படிந்திருக்கின்றன. மேலேயுள்ளவை உதிர, கீழிருந்து புதியன வந்து சேர்கின்றன.

இனி, 'உயிரணு' என்னும் சொல்லை நோக்குவோம். உயிருடைய அணு, அல்லது உயிர்க்கு அடிப்படையான அணு என விரித்துப் பொருள் கொள்ளத்தக்க அழகிய ஆக்கம் இது. ஆயின் கொம்புப் படலத்தின் சில்லைக் குறிக்க நேருங்கால் 'இறந்த உயிரணு' என எழுத வேண்டியதாகின்றது. அடையும் பெயரும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இம்முரணைத் தவிர்க்க விரும்பும் எழுத்தாளர் 'இறந்த' என்னும் அடையை விட்டுவிடுகின்றார். விட்டவுடன் இறந்த சில்லு உயிர்பெற்று விடுகின்றது! எம் மாணவரின் தொடரில் நிகழ்ந்தது இதுவே.

இராபர்ட் ஊக் என்னும் ஆங்கில அறிஞர் 1665இல் வெளியிட்ட தம் நூலில் 'செல்' என்னும் பெயரை வழங்கியபோது அவர் கண்டது உயிருள்ள பொருளை அன்று. தக்கையின் வெற்றறைகளையே அவர் கண்டார். சிற்றறை என்பதே அப்பெயரின் பொருள். ஆகவே அப்பெயர் உயிருள்ளதற்கும் இறந்ததற்கும் ஒப்பப் பொருந்துகின்றது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைக் 'கலம்' என வழங்குகின்றன. கலமாவது கொள்கலம். உள்ளே உயிர்ப்பொருள் இருப்பினும், கெராட்டின் மட்டுமே இருப்பினும் அது கலமே. பொருத்தம் நோக்கின் இதுவே சிறந்த பெயர் எனலாம். தமிழ்நாட்டு மாணவர்க்குப் பழகியது 'செல்' ஆதலின், ஈண்டு அதனையே மேற்கொள்கின்றோம். 'உயிரணு' என்பதை இப்பொருட்பகுதியில் தவிர்த்தல் நன்று.

இரண்டாம் வினா: எந்தச் சவ்வு?

உயிருள்ள செல் ஒவ்வொன்றையும் சூழ்ந்து ஏறத்தாழ 5 நானோமீட்டர் பருமனுள்ள சவ்வு ஒன்று உள்ளது. நெதர்லாந்து நாட்டின் கார்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் 1925இல் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினர். அப்பரப்பு, அணுக்களின் மேற்பரப்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு இருக்கக் கண்டு, சவ்வு ஈரடுக்கால் ஆயது என்று முடிவு செய்தனர். பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றும் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உடையது. தலைகள் இருபுறமும் நீரை நோக்கி நிற்க, வால்கள் நடுவே ஒன்றையொன்று நோக்கி மறைந்து கிடக்கும். 1972இல் சிங்கர், நிக்கல்சன் என்போர் இச்சவ்வு இறுகிய தாள் போன்றதன்று, நீர்ம இயல்புடையது என்றும், அதனுள் புரதங்கள் மிதக்கின்றன என்றும் விளக்கினர். இதிலுள்ள கொழுப்பு மூலக்கூறு ஒன்று ஒரு நொடியில் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் தொலைவு பக்கவாட்டில் நகரவல்லது.

கொம்புப் படலத்தின் நிலை வேறு. செல் இறக்கும்போது அதன் சவ்விலிருந்த பாஸ்போலிப்பிடுகள் சிதைந்து மறைகின்றன. சவ்விருந்த இடத்தில் புரதத்தாலான கடிய உறை உண்டாகின்றது. அதே நேரத்தில், செல்கள் தம்முள் சேமித்திருந்த வேறுவகைக் கொழுப்புகளை வெளியே உமிழ்கின்றன. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் என்னும் இம்மூன்றும் சில்லுகளுக்கு இடையேயுள்ள வெளியை நிரப்பி, அடுக்கடுக்காகப் படிகின்றன. சில்லுகளைச் செங்கற்களாகவும், இடைக்கொழுப்பைச் சாந்தாகவும் கொண்டு கொம்புப் படலத்தைச் சுவருக்கு ஒப்பிடும் உவமை 1970களில் தோன்றியது. மைக்கேல்ஸ், எலியாஸ் ஆகியோரின் எழுத்துகளால் பரவியது. இவ்வுவமை இன்றும் பாடநூல்களில் நிலவுகின்றது.

இச்சாந்தும் ஈரடுக்குகளால் ஆயதே. அவ்வொற்றுமை நோக்கியே பலரும் இதனையும் சவ்வு என்கின்றனர். வேற்றுமைகளோ மூன்று. முதலாவது, இது செல்லைச் சூழ்ந்த உறை அன்று. செல்களுக்கு இடைப்பட்ட நிரப்பு. இரண்டாவது, இதில் பாஸ்போலிப்பிடு ஏறக்குறைய இல்லை. மூன்றாவது, தோலின் இயல்பான வெப்பநிலையில் இக்கொழுப்பின் பெரும்பகுதி திண்ம நிலையில் இருக்கின்றது; வால்கள் வரிசையில் நிற்கும் கம்பிகளைப்போல் நிமிர்ந்து நெருங்கி நிற்கின்றன. உயிர்ச்செல்லின் சவ்வு நெகிழ்வால் வாழ்வது. இடைக்கொழுப்பு இறுக்கத்தால் காப்பது. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குங்கால், ஒன்றை நெகிழ்த்துவதும் மற்றொன்றை நெகிழ்த்துவதும் ஒரே செயல் எனத் தோன்றுகின்றது. முன்னது தீங்கு, பின்னது மருந்து செல்லும் வழி.

மூன்றாம் வினா: செலுத்துவது யார்?

மருந்து தோலினுள் புகுவது பரவுதலால் ஆகும். செறிவு மிக்க இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்தை நோக்கி மூலக்கூறுகள் தம் இயல்பான அலைவினாலேயே செல்கின்றன. அவற்றைத் தள்ளுவோர் எவருமிலர். ஊக்கி எனப்படும் பொருள் செய்வதெல்லாம் இடையே நிற்கும் தடையை மாற்றுவதும், மருந்து அத்தடையினுள் கரையும் அளவை மாற்றுவதுமே. பேரி என்னும் ஆங்கில மருந்தியலறிஞர் 1991இல் இச்செயல்களைக் கொழுப்பின்மேல் நிகழ்வன, புரதத்தின்மேல் நிகழ்வன, மருந்தின் பங்கீட்டை மாற்றுவன என மூவகையாக வகுத்தார். சில எடுத்துக்காட்டுகளால் இதனைத் தெளிவுபடுத்துவோம்.

யாவற்றுள்ளும் எளிய ஊக்கி நீரே. கொம்புப் படலம் இயல்பாக 15 முதல் 20 விழுக்காடு வரை நீர் கொண்டது. தோலை நீர்புகாத தாளால் மூடி வைத்தால் நீர் வெளியேற வழியின்றிப் படலம் ஊறிப் பருக்கின்றது. பல மருந்துகள் முன்னினும் எளிதாகப் புகுகின்றன.

ஒலியிக் அமிலம் ஆலிவ் எண்ணெயிலும் நிலக்கடலை எண்ணெயிலும் மிகுதியாக உள்ள கொழுப்பு அமிலம். இதற்கும் ஸ்டியரிக் அமிலத்திற்கும் கார்பன் எண்ணிக்கை ஒன்றே. இரண்டும் 18 கார்பன்களை உடையவை. ஆயின் ஸ்டியரிக் அமிலத்தின் சங்கிலி நேரானது. ஒலியிக் அமிலத்தின் நடுவிலுள்ள இரட்டைப் பிணைப்பு சங்கிலியை முழங்கையைப்போல் மடக்கி விடுகின்றது. நிமிர்ந்து நெருங்கி நிற்கும் வால்களின் வரிசையில் மடங்கிய இச்சங்கிலி பொருந்தி நிற்க இயலாது. கொழுப்புச் சங்கிலிகள் நிமிர்ந்துள்ளனவா, நெளிந்துள்ளனவா என்பதை அகச்சிவப்புக் கதிர்கள் உட்கவரப்படும் முறையால் அறியலாம். 1991இல் வெளியான ஓர் ஆய்வில், ஒலியிக் அமிலத்தின் ஐட்ரசன்களுக்குப் பதிலாக டியூட்டீரியம் அமைத்து, தோலின் கொழுப்பையும் அமிலத்தையும் வேறு வேறாகக் கண்டனர். அவ்வமிலம் தோலின் கொழுப்போடு முற்றும் கலந்து விடாமல், அதனிடையே தனித்த நீர்மத் திட்டுகளாகத் தங்குகின்றது என்பது அதனால் தெரியவந்தது. திண்மமான சாந்தினிடையே நீர்மத் திட்டுகள் தோன்றுமாயின், மருந்து அத்திட்டுகளின் வழியாகவும் அவற்றின் விளிம்புகளின் வழியாகவும் எளிதிற் பரவும்.

ஏசோன் என்னும் பொருள் 1970களில் இப்பயன் கருதியே வடிவமைக்கப்பட்டது. ஏழு அணுக்கள் கொண்ட வளையம் தலையாகவும், 12 கார்பன் சங்கிலி வாலாகவும் அமைந்த இதன் மூலக்கூறு கொழுப்படுக்கினுள் நுழைந்து, நெருங்கி நிற்கும் வால்களை விலக்குகின்றது. பெரும்பாலும் 1 முதல் 3 விழுக்காடு அளவிலேயே இது பயன் தருகின்றது.

எத்தனால் எனப்படும் சாராயத்தின் செயல் ஒருவகைத்தன்று. அது தானும் தோலினுட் புகுந்து மருந்து அங்கே மிகுதியாகக் கரைய இடந்தருகின்றது. செறிவு மிகுந்தால் இடைக்கொழுப்பின் ஒரு பகுதியைக் கரைத்து வெளியேற்றவும் செய்கின்றது. புரோப்பிலீன் கிளைக்கால் பெரும்பாலும் முதற்செயலையே செய்வது. நீலகிரித் தைலத்தின் தலைமைக் கூறாகிய சினியோலும் ஊக்கிகளுள் ஒன்றாக ஆராயப்பட்டுள்ளது. மனிதத் தோலின் வழியே புற்றுநோய் மருந்தொன்று செல்லும் வேகத்தை அது பன்மடங்கு உயர்த்தக் கண்டனர்.

இவற்றுள் எதுவும் மருந்தைத் தொட்டுத் தள்ளவில்லை என்பது நோக்கத்தக்கது.

உயிர்ச்செல்லின் சவ்வைத் தொடுமிடத்து

ஊக்கி கொம்புப் படலத்தோடு நின்றுவிடும் என்பதற்கு எவ்வுறுதியும் இல்லை. மருந்துக்குத் திறந்த வழி ஊக்கிக்கும் திறந்ததே. கொம்புப் படலத்தின் கீழே மேல்தோலின் உயிர்ச்செல்கள் இருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்திருப்பதோ முன்னர்க் கூறிய நெகிழ்ந்த பாஸ்போலிப்பிடு ஈரடுக்கு. திண்மக் கொழுப்பின் ஒழுங்கைக் குலைக்கவல்ல பொருள் இம்மென்சவ்வை என் செய்யும் என்பதே இங்கு எழும் வினா.

டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் கரைப்பானைக் கொண்டு இதனை விளக்கலாம். இப்பொருள் பாஸ்போலிப்பிடு ஈரடுக்கில் செய்யும் மாற்றங்களைக் குர்தோவென்கோ, அன்வர் என்னும் இருவர் கணிப்பொறி வழியே உருவகித்து 2007இல் வெளியிட்டனர். செறிவு குறைந்த நிலையில் இப்பொருள் தலைகளுக்குக் கீழே சென்று தங்க, மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. சவ்வு விரிந்து மெலிகின்றது. செறிவு உயருமிடத்துச் சவ்வினூடே நீர்த்துளைகள் தோன்றுகின்றன. செறிவு மேலும் உயரின் கொழுப்பு மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வெளியேறி, ஈரடுக்கே சிதைகின்றது. மெலிதல், துளைபடல், சிதைதல் என்னும் இம்மூன்று நிலைகளும் ஒரே பொருளின் செயல்கள். வேறுபாடு அளவினால் வந்தது.

இப்பொருளே செல்களைக் காக்கவும் பயன்படுவது வியப்புக்குரியது. 1959இல் லவ்லாக், பிஷப் என்போர், உறையவைக்கும் செல்களை இது காக்கின்றது என்று காட்டினர். இன்றும் எலும்பு மச்சைச் செல்களை ஏறத்தாழ 10 விழுக்காடு டைமெத்தில் சல்பாக்சைடு சேர்த்து உறைநிலையில் சேமிக்கின்றனர். தோலின் தடையைக் குறிப்பிடத்தக்க அளவு தளர்த்துதற்கோ 60 விழுக்காட்டிற்கு மேற்பட்ட செறிவு வேண்டியதாகின்றது. காக்கும் அளவும் கடக்கச் செய்யும் அளவும் இத்துணைத் தொலைவில் நிற்கின்றன.

சோப்பைப்போல் நுரைக்கும் பொருள்களின் செயல் இன்னும் கடுமையானது. சோடியம் லாரைல் சல்பேட்டு கெராட்டின் புரதத்தோடு பிணைந்து அதன் வடிவைக் குலைக்கின்றது. உயிர்ச்செல்லை அடைந்தால் சவ்வின் கொழுப்பைப் பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கின்றது. தோலெரிச்சலை ஆராய்வோர் எரிச்சலை வேண்டுமென்றே உண்டாக்குதற்கு இதனையே அளவுகோலாகக் கொள்கின்றனர். சவ்வு சேதமுற்ற மேல்தோல் செல்கள் தம்முள் வைத்திருந்த இன்டர்லூக்கின்-1 ஆல்பா என்னும் அறிவிப்புப் பொருளை வெளியிடுகின்றன. அதன் விளைவாக இரத்தக் குழாய்கள் விரிய, தோல் சிவந்து வீங்குகின்றது. நாம் எரிச்சல் என்று உணர்வது இந்நிகழ்ச்சிகளின் முடிவையே.

வலிமையும் தீங்கும்

நல்ல ஊக்கி எவ்வியல்புகள் உடையதாதல் வேண்டும் என்று நூலோர் வகுத்துள்ளனர். அது நஞ்சற்றதாக, எரிச்சல் தராததாக, விரைந்து செயற்படுவதாக, உடலில் தனக்கென மருந்துச்செயல் இல்லாததாக இருத்தல் வேண்டும். எல்லாவற்றினும் தலையாயது, அதனை நீக்கியவுடன் தோல் தன் தடையை முழுமையாக மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது. இவ்வியல்புகள் யாவும் ஒருங்கே அமைந்த பொருள் அரிதினும் அரிது.

அதன் காரணம் மேற்கூறியவற்றால் விளங்கும். சாந்து குலைந்தால் அதனைச் செப்பனிடுவோர் கீழேயுள்ள உயிர்ச்செல்கள். நீர் மிகுதியாக வெளியேறுவதை அறிந்தவுடன் அவை சேமித்த கொழுப்பை உமிழ்ந்து, புதியதை ஆக்கத் தொடங்குகின்றன. சில மணி நேரம் முதல் சில நாள்களுக்குள் தடை மீளுகின்றது. அச்செல்களின் சவ்வு ஊறுபடாதிருக்கும் வரையிலேதான் இது நிகழும். எனவே 'மீளக்கூடிய தளர்ச்சி' என்பது இறந்த படலத்தின் இயல்பன்று. அதன் கீழேயுள்ள உயிர்ச்செல்களின் நலத்தைப் பொறுத்தது. இடைக்கொழுப்பையும் செல் சவ்வையும் ஒன்றாகக் கருதுவோர்க்கு இவ்வுண்மை புலப்படாது.

டைமெத்தில் சல்பாக்சைடின் வரலாறும் இதனையே அறிவுறுத்துகின்றது. 1866இல் உருசிய வேதியியலறிஞர் சைத்செவ் இப்பொருளை ஆக்கினார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மருத்துவப் பள்ளியில் ஸ்டான்லி ஜேக்கப் இதன் ஊடுருவும் ஆற்றலை எடுத்துக்காட்டினார். கையில் பூசினால் சற்று நேரத்தில் வாயில் வெள்ளைப்பூண்டின் சுவை தோன்றும் அளவுக்கு அது விரைந்து உட்சென்றது. மக்களிடையே பேரார்வம் எழுந்தது. விலங்குகளின் கண்வில்லையில் மாற்றங்கள் காணப்பட்டமையால் 1965 நவம்பரில் அந்நாட்டு அரசு மருத்துவச் சோதனைகளை நிறுத்தியது. 1978இல் சிறுநீர்ப்பை நோய் ஒன்றிற்கு மட்டும் ஒப்புதல் வழங்கப்பட்டது. மூட்டுவலிக்குப் பூசும் டைக்ளோபினாக் கரைசல் ஒன்றில் ஏறத்தாழ 45 விழுக்காடு இப்பொருளைச் சேர்க்க 2009இல் இசைவு கிடைத்தது. ஊடுருவும் ஆற்றல் அறியப்பட்டதிலிருந்து அதனை அளவோடு பயன்படுத்த ஒப்புதல் கிடைக்கும் வரை ஏறத்தாழ 45 ஆண்டுகள் கழிந்தன.

வலிமையும் எரிச்சலும் பிரிக்கவொண்ணாதவையோ எனின், முற்றும் அவ்வாறன்று. கலிபோர்னியாவில் கராண்டே, மித்ரகோத்ரி முதலியோர் 5,000க்கும் மேற்பட்ட கலவைகளைச் சோதித்து 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். தனித்தனியே குறைகளுடைய இரு பொருள்கள், குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்தவிடத்து, எரிச்சல் விளைக்காமலே பெருமூலக்கூறுகள் புகும் அளவை நூறு மடங்கு வரை உயர்த்துதல் கூடும் என்று கண்டனர். அத்தகைய கலவைகள் மிகச் சிலவே. கொழுப்பின்மேல் மட்டும் செயற்படுமாறும், புரதத்தைக் குலைக்காமலும் பொருள்களைத் தெரிந்தெடுத்தலே நெறி என்பது அவர்தம் பிற்கால ஆய்வால் பெறப்பட்டது.

பெயராய்வு

இனி 'ஊக்கி' என்னும் சொல்லுக்கு வருவோம். ஊக்குதல் என்பது முயற்சிக்குத் தூண்டுதல், கிளர்ச்சி தருதல் என்னும் பொருளது. வினையூக்கி, வளரூக்கி, ஊக்கமருந்து என்பவற்றால் இச்சொல்லுக்கு நன்மைச் சாயல் ஒன்றும் ஏறியுள்ளது. 'ஊடுருவல் ஊக்கி' எனக் கேட்போர், மருந்துக்கு வலுவூட்டும் பொருள் எனக் கருதுவர். வலிமை மிக்க ஊக்கி சிறந்த ஊக்கி எனவும் கருதுவர். அது தம் தோலின் அரணைக் குலைப்பது என்று எவரும் கருதார். ஒரு பூச்சினைப் பூசிய இடத்தில் வேறொன்றையும் பூசினால் அதுவும் உட்செல்லும் என்னும் எச்சரிக்கை அப்பெயரில் இல்லை.

அங்ஙனமாயின் 'தடை நெகிழ்த்தி' என வழங்கலாமோ எனின், அப்பெயரும் முழுதும் பொருந்தாது. மென்தாலைச் சில மருந்துகளோடு கலந்தவிடத்து அக்கலவையின் உருகுநிலை தாழ்கின்றது. அதனால் மருந்து தோலின் கொழுப்பில் மிகுதியாகக் கரைகின்றது. அங்கே மாறுவது தடை மட்டுமன்று, மருந்தின் நிலையும் ஆகும். புரோப்பிலீன் கிளைக்காலையும் நெகிழ்த்தி என்பது மிகையே. யாம் முதலில் இப்பெயரையே முன்மொழியக் கருதியிருந்தோம். இத்தடை நோக்கி அதனைக் கைவிட்டோம்.

ஆகவே பொதுப்பெயர் ஒன்றும் சிறப்புப்பெயர்கள் சிலவும் வேண்டும் என்பது எம் கருத்து. பொதுப்பெயராக 'ஊடுருவல் துணைப்பொருள்' என்பதைக் கொள்ளலாம். துணை என்பது வினைமுதல் அன்று என்பதை அச்சொல்லே உணர்த்தும். கொழுப்பின் ஒழுங்கைக் குலைப்பவை 'நெகிழ்த்திகள்'. கொழுப்பைக் கரைத்து வெளியேற்றுபவை 'பிரித்தெடுப்பிகள்'. மருந்து தோலினுட் கரையும் அளவை மாற்றுபவை 'பங்கீட்டு மாற்றிகள்'. 'சவ்வு' என்பதை உயிர்ச்செல்லுக்கே உரியதாக்கி, கொம்புப் படலத்தில் உள்ளதை 'இடைக்கொழுப்பு' என்றே வழங்குதல் நன்று. இவற்றினும் சிறந்த பெயர்களை அறிஞர் காட்டுவாராயின் அவற்றை ஏற்க ஆயத்தமாயுள்ளோம். பெயர் எதுவாயினும், மூன்று வினாக்களுக்கும் அது விடை மறைக்காததாக இருத்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து அம்மாணவரின் தொடரைத் திருத்தி எழுதுவதாயின் அது பின்வருமாறு அமையும்: "ஊடுருவல் துணைப்பொருள்கள் கொம்புப் படலத்தின் இறந்த செல்களுக்கு இடையேயுள்ள கொழுப்பின் ஒழுங்கைக் குலைத்தோ, அக்கொழுப்பைப் பிரித்தெடுத்தோ, மருந்து அதனுட் கரையும் அளவை உயர்த்தியோ, மருந்து தானே பரவிச் செல்லுதலை எளிதாக்குகின்றன, அவை கீழே சென்று உயிர்ச்செல்களின் சவ்வைத் தாக்குமாயின் எரிச்சலும் ஊறும் விளைகின்றன."

இத்தொடரை வகுப்பில் படித்துக் காட்டியபோது, "ஐயா, இது நான் எழுதியதைப்போல் மூன்று மடங்கு நீளமாக உள்ளதே" என்றார் அம்மாணவர். உண்மையே. சுருங்கச் சொல்லல் நூலுக்கு அழகு என்று பயிற்றும் நாம் அதனை மறுத்தற்கில்லை. சுருக்கம் சொல்லை விடுதலால் வருவதாகலாம்; பொருளை விடுதலால் வருவதாகலாகாது. அவர் மதிப்பெண்ணை யாம் குறைக்கவில்லை. பிழை எம்முடையதும் ஆதலின். அவ்வாண்டு முதல், கலைச்சொற் பட்டியலைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லும் வழக்கத்தை விட்டு, பொருளை முதலில் பயிற்றிப் பின்னர்ச் சொல்லைத் தேடச் சொல்லும் முறையை மேற்கொண்டு வருகின்றோம்.